ஓடையைச் சீரமைக்கப் பிள்ளைகளைக் கூட்டிப் போவது படிப்பா, வேலை வாங்குவதா?

வாசகர் கேள்வி, 17 ஜூன் 2018

என் மகன் எட்டாம் வகுப்பு. பள்ளியிலிருந்து சனிக்கிழமைதோறும் ஓடை சீரமைப்புக்குக் கூட்டிப் போகப் போகிறார்களாம். பெற்றோர் கையெழுத்து கேட்டுத் தாள் வந்திருக்கிறது. கையுறை, தொப்பி, சாக்குப் பை கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். படிக்கிற பிள்ளையைக் குப்பை பொறுக்க அனுப்புவதில் என்ன கல்வி இருக்கிறது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

17 ஜூன் 2018, இரவு

கையெழுத்துப் போடுவதற்கு முன் பள்ளியில் ஒன்று கேளுங்கள். அந்தப் பட்டியலில் நோட்டும் பென்சிலும் ஏன் இல்லை? சாக்குப் பை மட்டும் என்றால் அது துப்புரவு முகாம். அதற்கு ஒரு நாள் போய் வரலாம். வாராவாரம் போக அதில் ஒன்றும் இல்லை.

நான் தென் சென்னையில் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியை. சுற்றுச்சூழல் மன்றமும் என் பொறுப்பு. பள்ளிக்குப் பின்னால் ஒரு மழைநீர் ஓடை போய் அடையாற்றில் விழுகிறது. எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோடு அதன் கரையில் சில ஆண்டுகளாக வேலை செய்கிறோம். ஓடைக்கரையில் பிள்ளைகள் படிக்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என்ன வேலை கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் படிப்பு அமைகிறது. நாளை மறுநாள் விரிவாக எழுதுகிறேன்.

19 ஜூன் 2018

சென்னைக்காரர்களுக்குப் பழக்கமான இடத்தில் இருந்தே தொடங்குகிறேன். தொல்காப்பியப் பூங்கா. அடையாற்று முகத்துவாரத்துக்கு வடக்கே, குயிபிள் தீவைச் சுற்றி வளைந்து கிடக்கும் ஓடையின் ஒரு பகுதி அது. இடித்த கட்டடங்களின் கல்லையும் மண்ணையும் கொட்டிக் கொட்டி மேடாகிப் போன இடம், போதாததற்குச் சாக்கடையும் சேர்ந்தது. 2006இல் இதற்கென்று ஓர் அறக்கட்டளை அமைத்தார்கள். இடிபாடுகளை அள்ளி, தண்ணீர் நிற்கும் பள்ளங்களை ஆழப்படுத்தி, நம் மண்ணுக்குரிய செடிகளை நட்டு, 58 ஏக்கரை மீட்டு 2011 ஜனவரியில் திறந்தார்கள். பள்ளிகள் முன்பதிவு செய்து குழுவாகப் போனால் கூடவே ஒருவர் வந்து சொல்லித் தருவார்.

அங்கே கனமான வேலையை எந்திரங்களும் கூலி பெற்ற ஆட்களும் செய்து முடித்தார்கள். பிள்ளைகள் வருவது பார்க்க, எண்ண, வரைய, கேள்வி கேட்க.

முதல் தடவை வரும் பிள்ளைகளிடம் நான் எதையும் விளக்குவதில்லை. வெண்கண்டல் இலையை வெயிலில் சாய்த்துப் பார்க்கச் சொல்வேன். பொடிப் பொடியாக ஏதோ மின்னும். விரலால் தடவினால் சொரசொரப்பு. "மிஸ், உப்பு!" என்று யாராவது கத்துவார்கள். நாக்கில் வைக்க விடமாட்டேன், அந்தத் தண்ணீரின் லட்சணம் அப்படி. இலையைப் பறிக்காமலே, கீழே ஒரு சின்னக் குடுவையைப் பிடித்துக்கொண்டு காய்ச்சி வடித்த நீரால் அலசி எடுத்து வருவோம். பள்ளி ஆய்வகத்தில் அதில் சில்வர் நைட்ரேட் இரண்டு சொட்டு. உடனே வெள்ளையாகத் திரியும். குளோரைடு இருக்கிறது என்று அவர்களே எழுதிக்கொள்வார்கள். பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்யப்போகிற சோதனையை ஒரு மரத்திடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

அப்புறம் வேர். பாடப்புத்தகத்தில் "சுவாச வேர்கள், எடுத்துக்காட்டு அவிசினியா" என்று ஒரு வரி வரும். அந்த அவிசினியாதான் நம் வெண்கண்டல். இங்கே அந்த வேர்கள் விரல் நீளத்துக்குச் சேற்றிலிருந்து மேலே நீட்டிக்கொண்டு நிற்கின்றன, கால் வைக்க இடமில்லாமல். சேற்றுக்குள் காற்று இல்லாததால் மரம் மேலே வந்து மூச்சு வாங்குகிறது. ஒரு முறை கழிமுகத்துப் பக்கம் ஒரு பெரிய பிளாஸ்டிக் உறை அந்த வேர்களின் மேல் போர்த்திக் கிடந்தது. பார்த்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி, "மூக்கைப் பொத்திட்டாங்க மிஸ்" என்றாள்.

குப்பையைப் பற்றி நாங்கள் பேச ஆரம்பித்தது அன்றுதான். அதை ஏன் எடுக்க வேண்டும் என்று அதற்குப் பிறகு யாருக்கும் நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

20 ஜூன் 2018

"எங்கள் பகுதியில் ஓடையே இல்லையே" என்று எழுதியவருக்கு: நிச்சயம் இருக்கும். மழைக்காலத்தில் உங்கள் தெருத் தண்ணீர் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே நடந்து போங்கள். அது போய்ச் சேரும் இடம்தான் உங்கள் ஓடை. மேலே சிலாப் போட்டு மூடியிருக்கலாம், பெயர் மறந்திருக்கலாம். வயதானவர்களைக் கேட்டால் பெயர் கிடைக்கும்.

1 ஜூலை 2018

மேலே ஒருவர், "கையில் அழுக்குப் பட்டால் பிள்ளைகளுக்குச் சேவை மனப்பான்மை வரும், செய்யட்டும்" என்று எழுதியிருக்கிறார். இதற்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும்.

எங்கள் மன்றத்தில் சேர ஆசைப்பட்ட ஒரு பையனின் அப்பா தூய்மைப் பணியாளர். அனுமதித் தாளைத் திருப்பிக் கொடுக்க அவரே வந்தார். "டீச்சர், எங்க அப்பா இறங்கினாரு, நான் இறங்கினேன். எம் புள்ள அந்தத் தண்ணிகிட்ட போகக் கூடாது. அதுக்குத்தான் பள்ளிக்கூடமே அனுப்புறேன்."

அவர் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை. மற்ற பிள்ளைகளுக்கு ஒரு சனிக்கிழமை சாக்கடை ஓரம் நிற்பது அனுபவம். அந்தப் பையனுக்கு அது பரம்பரையாகத் தள்ளிவிட்ட இடம். கையால் மலம் அள்ள வைப்பதையும் பாதுகாப்பில்லாமல் ஆளைச் சாக்கடைக்குள் இறக்குவதையும் 2013இல் சட்டம் தடை செய்தது. சட்டத்துக்குப் பிறகும் சாவுச் செய்திகள் நிற்கவில்லை. இந்த நாட்டில் "கழிவைத் தொட்டால் பணிவு வரும்" என்று பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்க எனக்கு மனம் வராது.

அவரோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசினேன். பிள்ளைகள் வரைந்த ஓடை வரைபடத்தைக் காட்டினேன். விரலை வைத்து, "இங்க ஒரு குழாய் சேருது, நீங்க விட்டுட்டீங்க. இந்த வளைவுல கீழ ரெண்டு சேம்பர் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே போனார். அந்தப் பகுதியின் நிலத்தடி முழுக்க அவர் தலைக்குள் இருந்தது. அதையெல்லாம் வரைபடத்தில் சேர்த்தோம். கையெழுத்து? போடவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. பையன் பள்ளிக்குள் உட்கார்ந்து வரைபடத்தைப் பெரிதாக்கி வரைந்தான். சந்தேகம் வந்தால் வீட்டில் அப்பாவைக் கேட்டு வந்து எழுதினான்.

அன்று முதல் எங்களிடம் மாறாத விதி ஒன்று உண்டு. எந்தப் பிள்ளையும் தண்ணீரில் இறங்கக் கூடாது, கழிவுநீர் கலக்கும் இடத்தில் எதையும் தொடக் கூடாது. கரையின் காய்ந்த பகுதியில் மட்டும் வேலை. சாக்கடையை அள்ளுவது, அடைப்பெடுப்பது எல்லாம் சம்பளமும் கருவியும் பாதுகாப்பும் உள்ளவர்களின் பணி. அவர்களுக்கு அவை கிடைக்கின்றனவா என்று கேட்பதும் எங்கள் பாடத்தில் வரும்.

2 ஜூலை 2018

உடல்நலம் பற்றிக் கேட்டவர்களுக்குச் சுருக்கமாக. எலிக்காய்ச்சல்தான் முதல் கவலை. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரோ ஈர மண்ணோ தோலில் உள்ள சின்னக் கீறலில் பட்டாலே போதும், கிருமி உள்ளே போய்விடும். கையில் காலில் புண் இருக்கும் பிள்ளை அந்த வாரம் வரைபட வேலைக்கு. செருப்பு கூடாது, மூடிய காலணி வேண்டும். திரும்பியதும் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் தின்பண்டம். அடுத்த நாட்களில் காய்ச்சலோ கெண்டைக்கால் வலியோ வந்தால் "ஓடைக்கரைக்குப் போனான்" என்று மருத்துவரிடம் சொல்லுங்கள், அந்த ஒரு தகவல் அவருக்குப் பெரிய உதவி. மழை பெய்த மறுநாள் கரைக்குப் போவதில்லை, மண் வழுக்கும்.

கேள்வி கேட்ட அப்பா, உங்கள் பள்ளி இதற்கெல்லாம் என்ன ஏற்பாடு வைத்திருக்கிறது என்று கேட்டீர்களா?

15 ஜூலை 2018

"தண்ணீரை அளக்கக் கருவிக்கு எங்கே போவது?" கருவி இல்லாமலும் நிறைய அளக்கலாம்.

கரைந்த ஆக்சிஜனுக்கு விங்க்லர் முறை என்று ஒன்று உண்டு. மேல்நிலைப் பள்ளி வேதியியல் ஆய்வகம் மனம் வைத்தால் முடியும். குடுவையில் காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீரைப் பிடித்து, மாங்கனீஸ் சல்பேட்டும் காரம் கலந்த அயோடைடும் சேர்க்க வேண்டும். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பு வீழ்படிவு. இல்லாவிட்டால் வெள்ளையாகவே நிற்கும். அதன் பிறகு அமிலம் சேர்த்து, தயோசல்பேட் விட்டு, ஸ்டார்ச்சின் நீலம் மறையும் வரை எண்ணுவதெல்லாம் பெரிய வகுப்புக்கு. எட்டாம் வகுப்புக்குப் பழுப்பா வெள்ளையா என்பதே போதும். ரசாயனத்தை வேதியியல் ஆசிரியர்தான் தொடுவார், பிள்ளைகள் பார்ப்பார்கள்.

குலுக்கிய குழாய்த் தண்ணீர் நல்ல பழுப்பு. எங்கள் ஓடைத் தண்ணீர் வெள்ளை. ஒரு பையன் ஆசிரியரிடம், "சார், மருந்து தீந்துபோச்சா பாருங்க" என்றான். மறுபடி செய்தோம். மறுபடி வெள்ளை.

30 டிகிரி வெப்பத்தில் சுத்தமான நன்னீரில் லிட்டருக்கு சுமார் 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். மீன் வளர்ப்புக்கும் வன உயிர்களுக்கும் குறைந்தது 4 வேண்டும் என்கிறது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வகைப்பாடு, குளிப்பதற்கு 5. இந்த எண்களைக் கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்தால் ஒருவர் மனதிலும் நின்றிருக்காது. வெள்ளைக் குடுவையைப் பார்த்த பிறகு எழுதியதால் நின்றது.

கருவியே இல்லாத இன்னொரு சோதனை, இது முழுக்கப் பிள்ளைகளுடைய யோசனை. ஓடைக்கரையில் குடியிருக்கும் பெண் ஒருத்தி, "எங்க தெருவுல கொலுசு சீக்கிரம் கறுத்துடும் மிஸ்" என்றாள். அழுகிய சேற்றிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடு வெள்ளியைக் கறுக்க வைக்கும் என்பது எனக்குத் தெரியும், ஆனால் சொல்லவில்லை. எப்படிச் சோதிப்பாய் என்று மட்டும் கேட்டேன். பழைய மெட்டி ஒரு ஜோடியைப் பளபளப்பாகத் தேய்த்து, ஒன்றை அவள் வீட்டு ஜன்னலிலும் மற்றதை நாலு தெரு தள்ளியிருக்கும் தோழி வீட்டு ஜன்னலிலும் நூலில் கட்டித் தொங்கவிட்டார்கள். ஓடைக்கரை மெட்டிதான் முதலில் கறுத்தது. அந்த வாயுவைத்தான் அவள் வீட்டில் எல்லோரும் நாள் முழுக்கச் சுவாசிக்கிறார்கள் என்பதையும் அவளே சொன்னாள். அன்று வகுப்பில் ரொம்ப நேரம் பேசினோம், பாடம் நகரவில்லை.

5 ஆகஸ்ட் 2018

அமெரிக்காவில் இருக்கும் ஒரு வாசகர், அங்கே பிள்ளைகளே ஓடையை மீட்ட கதையைச் சொல்லியிருக்கிறார். எனக்கும் பிடித்த கதைதான், விவரமாகவே சொல்லிவிடுகிறேன்.

1992, கலிஃபோர்னியாவின் சான் அன்செல்மோ ஊர், புரூக்சைடு பள்ளி, நான்காம் வகுப்பு. அழிந்துவரும் உயிர்களைப் பற்றிப் பேச்சு வந்தபோது ஒரு பிள்ளை, "நாம் என்ன செய்ய முடியும்?" என்று கேட்டிருக்கிறது. ஆசிரியை லாரட் ரோஜர்ஸ் அந்தக் கேள்வியைத் தள்ளிவிடவில்லை. தங்கள் பகுதியிலேயே அழிந்துகொண்டிருந்த ஒரு நன்னீர் இறாலைப் பிள்ளைகள் தேர்ந்தெடுத்தார்கள். கலிஃபோர்னியாவில் மாரின், சொனோமா, நாப்பா ஆகிய மூன்று மாவட்டங்களில் மட்டும் வாழும் இறால், பெரியது இரண்டு அங்குலம் இருக்கும். கரையோர மரங்களின் வேர் தண்ணீருக்குள் தொங்கும் இடத்தில்தான் அது ஒண்டி வாழும். ஸ்டெம்பிள் ஓடைக்கரையில் மாடுகள் இறங்கி மிதித்துக் கரை சரிந்து, மரமும் இல்லாமல், இறாலுக்கு ஒண்ட இடம் இல்லை.

பிள்ளைகள் மாட்டுப் பண்ணைக்காரரிடம் பேசினார்கள். வேலி போட்டு மாடுகளைக் கரையிலிருந்து விலக்கி, வில்லோ மரக் குச்சிகளை நட்டார்கள். வேர் வந்தது, நிழல் வந்தது. அந்த ஒரு வகுப்பு தொடங்கியது 'ஸ்ட்ரா' என்ற திட்டமாகி, பாயிண்ட் புளூ என்ற பாதுகாப்பு அமைப்பின் கீழ் இன்றும் பல பள்ளிகளோடு நடக்கிறது.

எனக்கு இதில் பிடித்தது வரிசை. முதலில் ஓர் உயிர். அதற்கு என்ன வேண்டும் என்று தெரிந்துகொண்டார்கள். அது ஏன் இல்லாமல் போனது என்று பார்த்தார்கள். நிலத்துக்காரரிடம் பேசினார்கள். மண்வெட்டி கடைசியில்தான் வந்தது. நம் ஊரில் மண்வெட்டியும் புகைப்படக்காரரும் முதலில் வந்துவிடுகிறார்கள்.

ஒரு பெரிய வித்தியாசமும் இருக்கிறது. அவர்கள் ஓடையின் தொல்லை மாட்டுக் குளம்பு. எங்கள் ஓடையின் தொல்லை கழிவுநீர்க் குழாய். வேலி போட்டு அதைத் தடுக்க முடியாது.

6 ஆகஸ்ட் 2018

நேற்றைய குறிப்பைப் பிள்ளைகளிடம் படித்துக் காட்டினேன். "நம்ம ஓடைக்கு எந்த உயிர் மிஸ்?" என்று கேட்டார்கள். கரையில் இட்லிக் கடை வைத்திருக்கும் ஆயாவிடம் அனுப்பினேன். சின்ன வயதில் இதே ஓடையில் துணி விரித்து இறால் பிடித்ததாகச் சொல்லியிருக்கிறார். இறால் என்றதும் எல்லோரும் துள்ளிக் குதித்துவிட்டார்கள். கடலில் பிறந்து கழிமுகத்துக்குள் வந்து வளரும் இறால் வகைகள் இருக்கின்றன, ஆகவே ஆயா சொன்னது நடந்திருக்கக் கூடியதுதான். வெள்ளைக் குடுவையை நினைத்தால் இப்போது வழியில்லை. ஆனாலும் வரைபடத்தின் மூலையில் இறால் ஒன்றை வரைந்துவிட்டார்கள், மீசை மட்டும் ஓடை நீளத்துக்கு.

26 ஆகஸ்ட் 2018

"எங்கள் பள்ளியில் நட்ட கன்றுகள் எல்லாம் பட்டுப்போகின்றன" என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். எந்த இடத்தில், எவ்வளவு உயரத்தில் நட்டீர்கள்? தண்ணீர் அங்கே எத்தனை நாள் நிற்கும்? இதைத் தெரிந்துகொள்ளாமல் நட்டால் கன்றும் போகும், பிள்ளைகளின் மனமும் விட்டுப்போகும்.

பிச்சாவரத்தில் நடந்தது இதற்கு நல்ல பாடம். அங்கே ஒரு காலத்தில் அலையாத்திக் காட்டைப் பகுதி பகுதியாக மொத்தமாக வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் வெயில் பட்டு மண் இறுகி, நிலம் நடுவில் தட்டுப் போலப் பள்ளமானது. உள்ளே வந்த கடல் தண்ணீர் திரும்ப வடியவில்லை. வெயிலில் வற்ற வற்ற உப்பு ஏறிக்கொண்டே போய், உப்பில் வாழும் செடியே வாழ முடியாத இடமாகிவிட்டது. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து, மீன்முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டி ஓதத் தண்ணீர் (கடல் ஏறி இறங்கும்போது வந்து போகும் தண்ணீர்) உள்ளே வந்து போக வழி செய்தார்கள். உப்பு குறைந்தது. அப்புறம் நட்ட கன்றுகள் பிடித்துக்கொண்டன. முத்துப்பேட்டையிலும் இதே முறைதான். (பிச்சாவரத்துக்குப் பிள்ளைகளோடு போகிறவர்கள் தில்லை மரத்தைக் கிள்ள விடாதீர்கள். பால் கண்ணில் பட்டால் ஆபத்து.)

தண்ணீரின் வழி சரியானால் மரம் தன் பாட்டைப் பார்த்துக்கொள்ளும். எங்கள் கரையிலும் நடுவதற்கு முன் ஒரு மழைக்காலம் முழுக்கத் தண்ணீர் எதுவரை ஏறுகிறது என்று பிள்ளைகள் குறித்தார்கள். நனையும் விளிம்பில் நாணலும் வெட்டிவேரும், அதற்கு மேலே நீர்மருது, இன்னும் மேலே புங்கன். சீமைக் கருவேலக் கன்றுகளைச் சிறிதாக இருக்கும்போதே வேரோடு பிடுங்குகிறார்கள், பெரிசானால் முள் கையைக் கிழிக்கும். ஆடுகள்தான் இப்போதைய எதிரி. ஆட்டுக்காரரோடு பிள்ளைகள் உடன்படிக்கை போட்டிருக்கிறார்கள். பள்ளி மைதானத்துப் புல் ஆட்டுக்கு, நாணல் ஓடைக்கு. ஆடுகள் கையெழுத்துப் போடவில்லை, அதனால் அவ்வப்போது மீறுகின்றன.

ஜூன் மாதம் நான் எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும். பிள்ளைகள் வருவது பார்க்கவும் எண்ணவும் என்று அழுத்திச் சொன்னேன். நட்ட மரத்தை அடுத்த வருடமும் வந்து பார்க்கிற பிள்ளை வேறு மாதிரி பார்க்கிறது. தன் கை பட்ட இடத்தில்தான் கேள்வி கூர்மையாகிறது. ஆகவே வேலை வேண்டும், அதன் அளவும் இடமும் பிள்ளைக்குத் தகுந்ததாக இருக்க வேண்டும்.

18 நவம்பர் 2018

மனம் சரியில்லை. வெள்ளிக்கிழமை அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. டெல்டாவில் தென்னை, மா, வீடு எல்லாம் போய்விட்டன. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கும் பலத்த அடி. ஆகஸ்டில் நான் சொன்ன அதே காடு. ஒரு பெண் வகுப்பில் கேட்டாள், "தண்ணி வழி சரியா இருந்தா மரம் பாத்துக்கும்னு சொன்னீங்களே மிஸ்?" கிளை முறிந்தாலும் வாய்க்கால் இருக்கிறது, ஓதம் வந்துபோகும், விதை மிதந்து வரும், ஆனால் வருடங்கள் ஆகும் என்றேன். அவள் முழுசாக ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொள்ள வேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

இங்கே சென்னையில் வேறு கதை. மழைக்காக, ஓடையில் தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது என்று அளக்கும் மட்டக்கோல் எல்லாம் தயார் செய்து வைத்தோம். மழையைக் காணோம்.

9 டிசம்பர் 2018

வடகிழக்குப் பருவமழை சென்னையைக் கைவிட்டுவிட்டது. ஓடையில் வெள்ளம் வந்தால் எவ்வளவு ஏறும், எவ்வளவு நேரத்தில் வடியும் என்று அளக்கத் திட்டம். அதற்குப் பதில் ஊரூர் குப்பத்து மீனவர் ஒருவரிடம் பிள்ளைகளை உட்கார வைத்தேன். "முகம் அடைச்சிக்கிச்சுன்னா ஆறு செத்த மாதிரிதான்" என்றார். ஆற்றில் தண்ணீர் வரத்து குறையும்போது கடல் கொண்டுவரும் மணல் முகத்துவாரத்தை அடைத்துவிடும். அடைத்தால் ஓதம் உள்ளே வராது, கழிவு வெளியே போகாது. பெருமழை வந்தால் ஆறே உடைத்துக்கொண்டு போகும், இல்லாவிட்டால் எந்திரம் வைத்துத் தோண்ட வேண்டும். வாரம் ஒரு முறை ஓதம் பார்க்கும் பிள்ளைகளுக்கு இது உடனே புரிந்தது. நேரம் மாறி வர வேண்டிய ஓதம் ஏன் வரவே இல்லை என்ற பழைய குழப்பம் ஒன்று அவர்கள் நோட்டில் இருந்தது. அதன் பக்கத்தில் "முகம் அடைப்பு" என்று எழுதிக்கொண்டார்கள்.

2015 டிசம்பரைப் பற்றியும் பேச்சு வந்தது. செம்பரம்பாக்கம் ஏரியில் விநாடிக்கு 29,000 கன அடி திறந்த அந்த இரவில் பல பிள்ளைகளின் வீட்டில் தண்ணீர் புகுந்தது. சுவரில் தண்ணீர் நின்ற கறை இன்னும் தெரியும் வீடுகளைக் குறித்து வரைபடத்தில் ஒரு நீலக் கோடு போட்டார்கள். கோடு ஓடையின் பழைய அகலத்தை ஏறக்குறையக் காட்டிவிட்டது. இடம் விட்டிருந்தால் அதுவரை அது ஓடையாகத்தான் இருந்திருக்கும்.

17 பிப்ரவரி 2019

ஜனவரி 1 முதல் தமிழகத்தில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை, 14 வகைப் பொருட்கள். இது வரப்போகிறது என்று போன ஜூனிலேயே அறிவித்திருந்ததால், காய்ந்த கரையில் ஒரே இடத்தில் கயிறு கட்டிக் கட்டம் போட்டு, விழும் குப்பையை வகைபிரித்து எண்ணி வந்தார்கள். டீக்கடைக் கப்பும் கேரி பேக்கும் தடைக்குப் பிறகு கண்ணுக்குத் தெரியும்படி குறைந்தன. ஷாம்பு பாக்கெட்டும் சிப்ஸ் உறையும் அப்படியே இருந்தன, அவை அப்போதைய தடைப் பட்டியலில் இல்லை.

இதை வைத்து எட்டாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் பெரிய வாக்குவாதம். "தடையால் குறைந்தது" என்பது ஒரு கட்சி. "பொங்கல் லீவில் டீக்கடை மூடியிருந்ததால் குறைந்தது" என்பது இன்னொரு கட்சி. இரண்டாம் கட்சி கடைக்காரரிடம் எந்தெந்த நாள் மூடியிருந்தது என்று கேட்டு எழுதி வந்தது. இப்படி ஒரு சண்டைக்காகவே இன்னும் பத்து வருடம் நான் இந்த வேலையைச் செய்வேன்.

மதிப்பெண் பற்றிக் கேட்டவருக்கு: தேர்வு நெருங்கும்போது சனிக்கிழமைகளை நிறுத்திவிடுகிறோம், யாருக்கும் மதிப்பெண் குறைந்ததாகப் புகார் இல்லை. "ஓடைக்குப் போனதால் கூடியது" என்று சொல்லவும் என்னிடம் ஆதாரம் இல்லை, சொல்ல மாட்டேன்.

23 ஜூன் 2019

ஊரே தண்ணீருக்கு அலைகிறது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வற்றிவிட்டன. பிள்ளைகள் விடியற்காலையில் லாரிக்குக் குடம் வைத்துவிட்டு வகுப்பில் தூங்குகிறார்கள், நான் எழுப்புவதில்லை.

இந்தக் கோடையில் அவர்கள் கண்டுபிடித்த ஒன்றைப் பதிவு செய்ய வேண்டும். வெள்ளத்துக்காக வைத்த மட்டக்கோலை மழை இல்லாவிட்டாலும் படித்துக்கொண்டே இருந்தார்கள். மே மாதத்தில் இருந்து ஓடையின் மட்டம் இறங்குகிறது. மழையே இல்லாத ஜனவரியில் இவ்வளவு இறங்கவில்லை. ஏன்? முதலில் வெயில் என்றார்கள். போன வருட மேயிலும் இதே வெயில்தான், ஓதம் பார்த்து எழுதிய பழைய நோட்டில் மட்டம் இறங்கவில்லை. அப்புறம் ஒரு பையன், வரைபடம் வரைந்த அதே பையன், சொன்னான்: "வீட்டுல தண்ணி இல்ல, அதான் ஓடையில இல்ல."

கோடையில் அந்த ஓடையில் ஓடுவது முழுக்க நாம் குளித்து, துவைத்து, கழுவிவிட்ட தண்ணீர். குழாய் நின்றால் ஓடையும் குறைகிறது. இயற்கையாகக் கோடையில் காய்ந்து கிடக்க வேண்டிய ஓடை, நம் கழிவால் ஆண்டு முழுக்க ஓடுகிறது. எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் உட்கார்ந்த எனக்கு இது தோன்றவில்லை. அவன் அந்த ஓடைக்கரையில் நின்றதுகூட இல்லை. எண்களைப் பள்ளிக்குள் உட்கார்ந்து பார்த்துச் சொன்னான்.

அந்தக் கணக்கோடு குழாய்கள் கலக்கும் இடங்களைக் குறித்த வரைபடத்தையும் இணைத்து, உரிய அலுவலகத்துக்கு மனு கொடுத்திருக்கிறார்கள். வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். நடவடிக்கை இன்னும் இல்லை. மாதம் ஒரு முறை போய்க் கேட்கும் பொறுப்பை ஒன்பதாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கிறது, கூட நானும் போவேன்.

30 ஜூன் 2019

முதல் கேள்வி கேட்ட அப்பா ஒரு வருடம் கழித்து எழுதியிருக்கிறார். அவருடைய பள்ளி இரண்டு சனிக்கிழமை குப்பை எடுத்து, படம் எடுத்து, விட்டுவிட்டதாம். மகன் மட்டும் "மறுபடி எப்போ போவோம்" என்று கேட்கிறானாம். மட்டக்கோல் எப்படிச் செய்வது என்று கேட்டிருக்கிறார். சொல்கிறேன்.

ஆளுயர மூங்கில் அல்லது தடித்த பிவிசி குழாய். ஐந்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு, சிவப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றி. ஆயில் பெயிண்ட் வேண்டும், போஸ்டர் கலர் ஒரு மழையில் போய்விடும். தண்ணீரில் இறங்கி நட வேண்டாம். பாலத்துத் தூணிலோ தடுப்புச் சுவரிலோ கோடுகளை நேரடியாக வரைந்துவிடலாம், அதைப் பெரியவர் ஒருவர் செய்யட்டும், பகுதிப் பொறியாளரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். பாலத்தின் மேல் நடைபாதையில் கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றே படிக்கலாம். தினமும் ஒரே நேரத்தில், பள்ளிக்குப் போகும் வழியில் என்றால் மறக்காது. நோட்டில் தேதி, நேரம், மட்டம், மழை உண்டா இல்லையா, தண்ணீரின் நிறம், வாடை. வாடைக்கு மூன்று அளவு வைத்தால் போதும்: இல்லை, இருக்கிறது, தாங்க முடியவில்லை. கடலுக்கு அருகே உள்ள ஓடை என்றால் அமாவாசை, பௌர்ணமியையும் குறியுங்கள், ஓதம் அப்போது கூடுதலாக ஏறும்.

மகனோடு இன்னும் இரண்டு பிள்ளைகளாவது சேர்ந்தால் ஊருக்குப் போகும் நாளில் விடுபடாது. தெருவில் யாராவது இட்லிக் கடை ஆயா இருந்தால் முதல் வாரமே போய் ஓடையின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.